சூரிய மின்சாரம்: புதிதாக நடப்பவை, ஓயாத சண்டைகள் (கேள்வி பதில்)

சோலார் பற்றிக் கண்ணில் படும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, உலகத்தையே காப்பாற்றப் போகிறது என்று சொல்லும். இன்னொன்று, எல்லாம் கண்கட்டு வித்தை என்று சொல்லும். நடுவே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

சோலார் நிஜமாகவே அவ்வளவு வளர்ந்துவிட்டதா?

ஆமாம். 1954-இல் பெல் ஆய்வகத்தில் காட்டப்பட்ட முதல் பயனுள்ள சிலிக்கான் செல் (இப்படிப் பல செல்கள் சேர்ந்ததுதான் ஒரு பேனல்), தன்மீது விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. அங்கிருந்து தொடங்கி உலகின் மொத்த நிறுவுதிறன் ஒரு டெராவாட்டைத் தொட 2022 வரை ஆயிற்று. ஒரு டெராவாட் என்றால் 1000 ஜிகாவாட். இரண்டாவது டெராவாட்டுக்கு இரண்டே ஆண்டுகள்தான் பிடித்தன. 2024-இல் மட்டும் ஏறக்குறைய 600 ஜிகாவாட் புதிதாகச் சேர்ந்தது. அதில் பாதிக்கும் மேல் சீனாவில்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே 2024-இல் உலகம் பயன்படுத்திய மின்சாரத்தில் சோலாரின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். நிறுவுதிறன் என்பது நல்ல வெயிலில் எவ்வளவு தரும் என்ற கணக்கு. இரவு, மேகம், காலை மாலைச் சாய்வெயில் எல்லாவற்றையும் கழித்தால் ஆண்டு முழுவதற்குமான சராசரி அதில் 10 முதல் 25 சதவீதம்வரைதான் வரும். அதனால் '1 ஜிகாவாட் சோலார் வந்துவிட்டது, ஓர் அணு உலைக்குச் சமம்' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஆண்டு உற்பத்தியில் அது ஓர் உலையில் நாலில் ஒரு பங்குதான் வரும், பல இடங்களில் அதற்கும் குறைவு.

விலை ஏன் இப்படிச் சரிந்தது?

உலகில் இதுவரை செய்த பேனல்களின் மொத்த அளவு இரட்டிக்கும்போதெல்லாம் விலை சுமார் 20 சதவீதம் இறங்கி வந்திருக்கிறது. ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பால் நடந்ததல்ல இது. சிலிக்கானை இன்னும் மெல்லியதாக அறுப்பது, வெள்ளியைக் குறைத்துப் பூசுவது, பெரிய ஆலைகளில் வேகமாக ஓட்டுவது என்று நூறு சின்னச் சின்ன மிச்சங்கள் சேர்ந்த கதை.

இதன் விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்று ஒரு கூரையில் சோலார் வைக்க ஆகும் செலவில் பேனலின் பங்கு சிறிது. தாங்கும் சட்டம், கம்பி, இன்வெர்ட்டர் (பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் பெட்டி), கூலி, அனுமதி இவைதான் பெரும்பங்கு. பேனல் விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் மொத்தச் செலவு பாதியாகாது.

பெர்க், டாப்கான் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இரண்டுமே சிலிக்கான் பேனல்கள்தான். செல்லுக்குள் ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி வெளியே வருவதற்குள் பரப்புகளில் சிக்கி வீணாகிறது. அந்த இழப்பைத் தடுக்கும் முறைதான் வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு 1980-களில் உருவாக்கிய பெர்க் அமைப்பு, செல்லின் பின்பக்கம் ஒரு பாதுகாப்புப் படலம் போட்டது. டாப்கான் அங்கே ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தை வைத்து, அதன் வழியாக எலக்ட்ரான்களை மட்டும் நழுவவிடுகிறது. சந்தையில் பெர்க் ஓய்ந்து இப்போது டாப்கான்தான் முதலிடத்தில். ஹெட்டரோஜங்ஷன், மின்தொடர்புகளைப் பின்பக்கத்திலேயே வைத்த செல்கள் என்று போட்டியாளர்களும் உண்டு.

கடைக்குப் போய்க் கேட்டால் 22, 23 சதவீதச் செயல்திறன் என்பது இப்போது சாதாரணம். இட நெருக்கடி இல்லாதவர்கள் இந்தப் பெயர்களை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. யார் பொருத்துகிறார்கள், எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதால் வரும் லாப நஷ்டம் இதைவிடப் பெரியது.

பெரோவ்ஸ்கைட் எப்போது வரும்? சிலிக்கானைத் தூக்கிவிடுமா?

தூக்காது, அதன் தோள்மேல் உட்காரும். பெரோவ்ஸ்கைட் என்பது ஒளியை மின்சாரமாக்கும், மெல்லிய படலமாகப் பூசக்கூடிய ஒரு படிகப் பொருள்.

சிலிக்கானுக்கு ஓர் இயற்கை வரம்பு இருக்கிறது. ஒரே செல்லாக இருந்தால் சுமார் 29.4 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. ஆய்வகங்கள் ஏற்கெனவே 27-ஐத் தாண்டிவிட்டன, ஆக இனி உள்ள இடம் கொஞ்சம்தான். காரணம் எளிது. நீல ஒளியின் துகள்களில் ஆற்றல் அதிகம். சிலிக்கான் அதை வாங்கிக்கொண்டாலும் தனக்குத் தேவையானது போக மீதியை வெப்பமாக விட்டுவிடுகிறது. அகச்சிவப்பின் கடைக்கோடிப் பகுதியையோ அதனால் பிடிக்கவே முடிவதில்லை. இதற்கு வழி, வெவ்வேறு கண் கொண்ட இரண்டு சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல இரண்டு செல்களை அடுக்குவது. மேலே உள்ள பெரோவ்ஸ்கைட் நீலம், பச்சையைப் பிடிக்கும். கீழே சிலிக்கான் சிவப்பையும் அகச்சிவப்பையும் பிடிக்கும். இந்த அடுக்குச் செல்லின் கோட்பாட்டு வரம்பு 40 சதவீதத்துக்கும் மேல்.

2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த முதல் பெரோவ்ஸ்கைட் சூரிய செல் 3.8 சதவீதம். 2025 ஏப்ரலில் சீனாவின் லாங்கி நிறுவனத்தின் அடுக்குச் செல் 34.85 சதவீதம். சூரிய செல் வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஏறிய பொருள் வேறில்லை. 2024 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் முதல் வணிகப் பேனல்களை அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பியது. அவற்றின் செயல்திறன் 24.5 சதவீதம்.

34.85 எங்கே, 24.5 எங்கே? இந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. ஆய்வகச் சாதனைகள் பெரும்பாலும் விரல்நகம் அளவுச் செல்லில் செய்யப்படுபவை. பெரிய பரப்பில் ஒரே சீராகப் பூசுவது தனிக் கலை. அதைவிடப் பெரிய தலைவலி ஆயுள். ஈரம், வெப்பம், புற ஊதா ஒளி மூன்றுமே பெரோவ்ஸ்கைட்டுக்கு எதிரிகள், கூரையிலோ மூன்றும் தினமும் உண்டு. சிலிக்கான் பேனல் 25, 30 ஆண்டு உழைக்கும் என்று எழுதித் தருகிறார்கள். புதியவர் அதை வெட்டவெளியில் நிரூபித்துக் காட்ட வேண்டும், அதற்குக் காலம்தான் எடுக்கும். ஈயம் கலந்த பொருள் என்பது இன்னொரு விவாதம். அளவு சிறிது, ஆனால் நீரில் கரையக்கூடிய வடிவம்.

அடுத்த முறை 'புதிய உலக சாதனை' என்று தலைப்பைப் பார்த்தால் இரண்டைக் கேளுங்கள்: செல்லா, பேனலா? எத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கியது?

வெயில் கொளுத்தினால் அதிக மின்சாரம் வருமா?

வராது. பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. அட்டையில் போட்டிருக்கும் வாட் அளவு, செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போவது சாதாரணம், அப்போது 12 சதவீதம் போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோட இடம் விடச் சொல்வது இதற்காகத்தான்.

இரவில் என்ன செய்வது?

பத்தாண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியிலேயே விவாதம் முடிந்துவிடும். இப்போது அப்படியில்லை.

கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை நடத்தும் அமைப்பு 2013-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. பகலில் சோலார் பொங்குவதால் மற்ற நிலையங்களின் தேவை வயிறு தொங்குவதுபோல இறங்கி, சூரியன் சாயும் நேரத்தில் கழுத்துபோலச் செங்குத்தாக ஏறும். பார்க்க வாத்துபோல இருந்ததால் 'வாத்து வளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் செங்குத்து ஏற்றத்தைச் சமாளிக்கவே முடியாது என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். 2024-க்குள் அதே கலிபோர்னியாவில் பேட்டரிகளின் திறன் 10 ஜிகாவாட்டைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் ஒரு மாலை நேரம், கட்டமைப்புக்கு மின்சாரம் தந்தவற்றில் பேட்டரியே முதலிடத்தில் நின்றது. அபுதாபியில் 5.2 ஜிகாவாட் சோலாரையும் 19 ஜிகாவாட் மணி (ஒரு ஜிகாவாட்டை 19 மணி நேரம் தரும் அளவு) பேட்டரியையும் சேர்த்து, இரவு பகலாக 1 ஜிகாவாட்டைத் தொடர்ந்து தரும் திட்டம் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு ஜிகாவாட்டுக்காக ஐந்து ஜிகாவாட் பேனலா என்று கேட்கலாம். பேனல் அவ்வளவு மலிவாகிவிட்டது என்பதுதான் பதில்.

தீராத பகுதி ஒன்று இருக்கிறது. பேட்டரி பகலை இரவுக்குக் கொண்டுபோகும், கோடையைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோகாது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் நாடுகளுக்கு இதுதான் கவலை. ஆண்டு முழுக்க ஓரளவு சமமாக வெயில் அடிக்கும் நாடுகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை.

ஸ்பெயினே இருட்டானதற்குச் சோலார்தானே காரணம்?

2025 ஏப்ரல் 28, நண்பகல் 12.33. ஸ்பெயினும் போர்ச்சுகலும் சில நொடிகளில் மின்சாரம் இழந்தன. அந்த நேரத்தில் ஸ்பெயினின் உற்பத்தியில் பாதிக்கு மேல் சோலார். அன்று மாலைக்குள் உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது: சுழலும் டர்பைன்கள் குறைவு, ஆகவே நிலைமம் (கனமான டர்பைன்கள் தங்கள் சுழற்சியால் திடீர் அதிர்ச்சிகளைத் தாங்கும் பண்பு) இல்லை, ஆகவே விழுந்தது.

விசாரணையில் வேறு கதை வந்தது. ஐரோப்பிய மின்கட்டமைப்பு இயக்குநர்களின் நிபுணர் குழு இதை மின்னழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் துண்டித்துக்கொண்ட சரிவு என்றது. ஐரோப்பாவில் இந்த வகையில் இதுவே முதல் நிகழ்வு. ஒரு நிலையம் விலகியதும் அழுத்தம் இன்னும் ஏறும், அதனால் அடுத்தது விலகும். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய வழக்கமான நிலையங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஸ்பெயின் அரசின் அறிக்கை சொன்னது. அந்த நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை, பழியைக் கட்டமைப்பை நடத்துபவர்மேல் போட்டன.

சோலார் தப்பித்ததா? முழுசாக இல்லை. சோலார், காற்றாலை இன்வெர்ட்டர்களால் மின்னழுத்தத்தைச் சரிசெய்ய முடியும். ஆனால் ஸ்பெயினின் பழைய விதி அவற்றை அந்த வேலையில் சேர்க்கவே இல்லை, ஒரே நிலையில் ஓடச் சொல்லியிருந்தது. இருட்டுக்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள். மின்சாரத்தில் பாதியைத் தரும் ஒருவரிடம் கட்டமைப்பைத் தாங்கும் பொறுப்பை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். தானே அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உருவாக்கித் தாங்கும் புதுவகை இன்வெர்ட்டர்கள் இப்போது வருகின்றன. அவற்றைக் கட்டாயமாக்குவதா, அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இப்போதைய சண்டை.

நண்பகலில் மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறதாமே?

போகிறது. ஜெர்மனியில் 2024-இல் மொத்த விற்பனைச் சந்தையில் மின்சார விலை 457 மணி நேரம் எதிர்மறையாக இருந்தது. அதாவது மின்சாரம் விற்றவர், வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணமும் கொடுத்தார். சில நிலையங்களை அணைத்து மீண்டும் ஓட்டுவது செலவு. சில சோலார் உரிமையாளர்களுக்குச் சந்தை விலை என்னவானாலும் அரசு நிர்ணயித்த தொகை வந்துவிடும், அணைக்கக் காரணமே இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த ஜெர்மன் சட்டம், விலை எதிர்மறையாகும் நேரத்தில் புதிய சோலார்களுக்கு அந்தத் தொகை கிடையாது என்றது.

வீணாகும் நண்பகல் மின்சாரத்துக்கு மலிவான தீர்வு, தேவையை நண்பகலுக்கு நகர்த்துவது. மின்வாகன சார்ஜிங், தண்ணீர் இறைத்தல், குளிர்பதனக் கிடங்கு இவையெல்லாம் நேரம் மாறினால் குடிமுழுகிப் போகாத வேலைகள். தினமும் பகலில் குறைந்தது மூன்று மணி நேரம் வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் திட்டத்தை ஆஸ்திரேலிய அரசு 2025 நவம்பரில் அறிவித்ததும் இந்தக் கணக்கில்தான்.

கூரை சோலார் வைத்தவர்கள் மற்றவர்கள் காசில் வாழ்கிறார்களா?

கூரையில் மிஞ்சியதைக் கட்டமைப்புக்குக் கொடுத்து, அதே விலையில் பிறகு திரும்ப வாங்குவது நெட் மீட்டரிங். தொடக்கத்தில் சோலாரை வளர்த்தது இதுதான். எதிர்ப்பவர்கள் வாதம்: மின்கட்டணத்தில் கம்பி, மின்மாற்றி, பராமரிப்புச் செலவும் அடங்கியிருக்கிறது. சோலார் வைத்தவர் கட்டணம் பூஜ்யமானால் அந்தச் செலவு கூரை இல்லாத வாடகைக்காரர் தலையில் விழும். ஆதரிப்பவர்கள் வாதம்: பக்கத்திலேயே உற்பத்தி ஆவதால் நீண்ட கம்பிகளில் ஆகும் இழப்பு மிச்சம், புதிய நிலையம் கட்டும் செலவும் மிச்சம். கலிபோர்னியா 2023 ஏப்ரலில் புதிய இணைப்புகளுக்கு, கூரையில் மிஞ்சிய மின்சாரத்துக்குத் தரும் தொகையை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைத்தது. கூரை சோலார் விற்பனை சரிந்தது, பேட்டரியோடு சேர்த்து வைப்பவர்கள் கூடினார்கள்.

எனக்குத் தோன்றுவது, நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒரே விலை பெறாது, அதை எத்தனை நாள் மறைப்பது? விதியை மாற்றுவது சரி. ஆனால் பழைய விதியை நம்பிப் பணம் போட்டவர்களுக்குப் பின்தேதியிட்டு மாற்றுவது அநியாயம்.

இந்த விவாதம் முற்றினால் என்ன ஆகும் என்பதைப் பாகிஸ்தானில் பார்க்கலாம். 2024-இல் மட்டும் அங்கே சுமார் 17 ஜிகாவாட் பேனல்கள் இறக்குமதியாயின. அரசுத் திட்டம் எதுவும் தள்ளவில்லை, மின்கட்டண உயர்வு தாங்காமல் மக்களே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் கட்டமைப்பிலிருந்து மெல்ல விலக, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின் நிலையங்களுக்குக் கொடுத்தாக வேண்டிய நிலையான தொகை மிச்சமிருப்பவர்கள்மேல் ஏறுகிறது. கட்டணம் இன்னும் உயர்ந்தால் இன்னும் பலர் விலகுவார்கள்.

கூரையில் பேனல் இருந்தும் மின்வெட்டில் வீடு ஏன் இருட்டாகிறது?

சாதாரண இன்வெர்ட்டர் வெளிக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிடும். பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருப்பவர்மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது அல்லவா, அதற்கான பாதுகாப்பு அது. மின்வெட்டிலும் வேண்டுமானால் பேட்டரியும், வீட்டை வெளிக் கம்பியிலிருந்து பிரித்து ஓட்டக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் தேவை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சீனாவில் செய்வது ஆபத்து இல்லையா?

மூலப்பொருளான பாலிசிலிக்கானிலிருந்து (மிகத் தூய்மையாக்கிய சிலிக்கான்) முழுப் பேனல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். ஷின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்களைக் கட்டாய வேலை வாங்கிச் செய்த பொருள் என்ற குற்றச்சாட்டின்மேல் அமெரிக்கா 2022 ஜூன் முதல் அங்கிருந்து வரும் பொருள்களுக்குத் தடை போட்டது. 2025-இல் கம்போடியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் வழியாக வரும் பேனல்களுக்கும் கடும் வரி விதித்தது. மறுபக்கம், சீன ஆலைகளே தேவைக்கு மேல் உற்பத்தி செய்து, அடக்க விலைக்கும் கீழே விற்று, 2024-இல் பெரும் நஷ்டத்தில் விழுந்தன. மலிவு விலையைக் கொண்டாடும் நாம், அதில் ஒரு பகுதி யாரோ ஒருவரின் நஷ்டம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெயைச் சார்ந்திருப்பதோடு இதை ஒப்பிடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்க் கப்பல் நின்றால் அடுத்த மாதமே வண்டி நிற்கும். பேனல் கப்பல் நின்றால் புதிது வராது, மாட்டியது ஓடிக்கொண்டுதான் இருக்கும். என் பார்வையில் இன்வெர்ட்டர்தான் பெரிய கவலை. இணையத்தோடு இணைந்து, தயாரித்தவர் தூரத்திலிருந்தே மென்பொருளை மாற்றக்கூடிய லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே நேரத்தில் அணைந்தால்? இந்தப் பயத்தில் லிதுவேனியா, சீன நிறுவனங்கள் பெரிய சோலார், காற்றாலை, பேட்டரி அமைப்புகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதைத் தடுக்க 2024-இல் சட்டம் இயற்றியது.

பழைய பேனல்கள் மலைபோலக் குவியாதா?

குவியும். 2050-க்குள் மொத்தம் 7.8 கோடி டன்வரை சேரலாம் என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016-இல் மதிப்பிட்டது. பெரிய எண்தான். ஆனால் உலகின் நிலக்கரி நிலையங்கள் ஒரே ஆண்டில் கொட்டும் சாம்பல் இதைவிடப் பல மடங்கு, அது ஆண்டுதோறும் வருகிறது.

பேனல் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி, அப்புறம் அலுமினியச் சட்டம். இவற்றைப் பிரிப்பது எளிது. மதிப்புள்ள வெள்ளியும் சிலிக்கானும் கொஞ்சம்தான் இருக்கின்றன, பிளாஸ்டிக் படலத்துக்குள் ஒட்டிக்கொண்டு. பிரித்தெடுக்கும் செலவைவிடக் குழியில் கொட்டுவது மலிவு என்பதுதான் உண்மையான சிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே பேனல்களை மின்னணுக் கழிவுச் சட்டத்தில் சேர்த்துத் தயாரிப்பாளர்மேல் பொறுப்பை வைத்தது. சட்டம் இல்லாத இடத்தில் மறுசுழற்சி தானாக வளராது. வெள்ளி விலை ஏறினால் கணக்கு மாறலாம், உலகின் வெள்ளித் தேவையில் ஆறில் ஒரு பங்கு இப்போது சோலாருக்குத்தான் போகிறது. அதனாலேயே செம்புக்கு மாறவும் ஆலைகள் முயல்கின்றன.

பேனல் செய்யச் செலவாகும் ஆற்றலை அது திருப்பித் தருவதே இல்லையாமே?

பழைய வதந்தி. வெயிலைப் பொறுத்து ஏறக்குறைய ஓர் ஆண்டில் திருப்பித் தந்துவிடும், பிறகு இருபது, முப்பது ஆண்டு லாபம். பேனல் செய்வது முதல் தூக்கிப் போடுவது வரை கணக்கிட்டாலும் பெரிய சோலார் நிலையத்தின் கரியமில உமிழ்வு ஒரு யூனிட்டுக்கு 48 கிராம், நிலக்கரிக்கு 820 கிராம் என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்ற நிபுணர் குழுவான ஐபிசிசி 2014-இல் தந்த நடு மதிப்பு.

விளைநிலத்தை விழுங்குகிறதே?

ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 2 ஹெக்டேர் வேண்டும், ஆக இந்தப் புகாரில் நியாயம் உண்டு. 'தரிசு' என்று அதிகாரிகள் குறிக்கும் நிலம் பல நேரம் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம். பேனலை உயர்த்தி வைத்து அடியில் பயிர் செய்யலாம் என்ற யோசனையை ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும் 1982-லேயே எழுதினார்கள். கீரை வகைகளுக்கு அரை நிழல் ஒத்துப்போகும், கோதுமைக்கு விளைச்சல் குறையும். 'பயிரும் மின்சாரமும்' என்ற பலகையை மட்டும் மாட்டிவிட்டு அடியில் புல்லைத் தவிர ஒன்றும் விளைவிக்காத இடங்களும் வரும், கண்காணிப்பு வேண்டும். நீர்த்தேக்கங்களில் மிதக்கவிடுவது இன்னொரு வழி. ஆவியாதல் குறையும், ஆனால் செலவு கூடுதல்.

புதிய தொழில்நுட்பம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

வேண்டாம். அடுக்குப் பேனல் வந்தாலும் முதலில் பெரிய வாடிக்கையாளர்களுக்கும் இட நெருக்கடி உள்ளவர்களுக்கும்தான் போகும். காத்திருக்கும் ஆண்டுகளின் மின்கட்டணம் திரும்ப வராது. அதற்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள்: நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, கூரை இன்னும் இருபது ஆண்டு தாங்குமா, இன்வெர்ட்டரில் பின்னால் பேட்டரி சேர்க்க முடியுமா, உத்தரவாதம் தருபவர் பத்தாண்டுக்குப் பிறகும் கடை வைத்திருப்பாரா.

விண்வெளியில் பேனல் வைத்து மின்சாரத்தைக் கீழே அனுப்பப் போகிறார்களாமே?

அமெரிக்கப் பல்கலைக்கழகமான கால்டெக் 2023 ஜனவரியில் ஒரு சோதனைக் கருவியை ஏவி, விண்ணில் நுண்ணலை வழியாக ஆற்றலைக் கடத்திக் காட்டியது. பூமிக்கும் ஒரு துளி சமிக்ஞை வந்தது. அறிவியலாக அருமை. தரையில் பேனலும் பேட்டரியும் விற்கும் விலையோடு ராக்கெட் ஏவும் செலவு போட்டி போடுவதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.